இடுப்பு மடியாமல் கயிற்றைத் தாங்குவது எப்படி? ஸ்லாலம் நீர்ச்சறுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒற்றைப் பலகையில் நின்று, படகின் இருபுறமும் உள்ள மிதவைகளை மாறி மாறிச் சுற்றிவரும் ஸ்லாலம் நீர்ச்சறுக்கைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இந்த விளையாட்டில் முதலிரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுடையவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் பலவிதமாக இருந்தாலும், அவற்றில் பாதிக்குமேல் ஒரே பிழையின் வெவ்வேறு முகங்கள் என்பதைப் படித்து வரும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கேள்வி: இரண்டு பலகைகளில் எளிதாக எழுந்து நிற்கிறேன். ஆனால் ஒற்றைப் பலகையுடன் ஆழமான நீரிலிருந்து எழ முயலும்போதெல்லாம் முன்பக்கமாகக் கவிழ்கிறேன், அல்லது கைப்பிடி கையைவிட்டுப் பறந்துவிடுகிறது. என் கைகளில் வலிமை போதவில்லையா?

வலிமைக் குறைவு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பலகைகளில் பழகிய உடல், அந்தப் பழக்கத்தையே ஒற்றைப் பலகையிலும் எதிர்பார்ப்பதுதான் காரணம். இரண்டு பலகைகளின் பரப்பு பெரியது என்பதால் அவை விரைவிலேயே நீரின் மேல் ஏறிவிடும். ஒற்றைப் பலகையின் பரப்பு குறைவு என்பதால் அது மேலே வருவதற்கு இன்னும் சற்று நேரம் நீருக்குள்ளேயே இழுபட்டாக வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தைப் பொறுக்காமல், வழக்கமான கணத்தில் எழ முயன்றால், பலகை இன்னும் நீரைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் எடை அதன்மேல் இறங்குகிறது. பலகை தடைபட, படகு உங்கள் மேலுடலை மட்டும் இழுத்துச் செல்கிறது.

முழங்கால்களை மார்போடு சேர்த்து, குதிகாலைப் பின்தொடைக்கு அருகில் வைத்து, ஒரு பந்தைப்போல் சுருண்டிருங்கள். கைகள் நேராக நீண்டிருக்கட்டும். பலகையின் நுனி நீருக்கு மேலே சிறிதளவு தெரியட்டும். படகு நகரத் தொடங்கியதும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, எதையும் செய்யாமல் இருப்பதுதான். கைப்பிடியை மார்புநோக்கி இழுத்தீர்களானால், இழுத்த அந்த ஓரடி நீளத்தைப் படகு அடுத்த நொடியே திரும்பப் பறித்துக்கொள்ளும். கைப்பிடி பறப்பதற்கும் தோள் வலிப்பதற்கும் அதுவே காரணம். நீர் உங்கள் பாதத்தைத் தாங்கத் தொடங்குவதை உணர்ந்த பிறகு, முன்காலின்மேல் எடையைக் கொண்டுவந்து நிதானமாக எழுந்தால் போதும்.

1922-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் முதன்முதலாக நீர்ச்சறுக்கில் வெற்றி கண்டதும் இதே பாடத்தைக் கற்ற பிறகுதான். அதற்கு முன்பு பலமுறை மூழ்கிய அவர், பின்னால் சாய்ந்து, பலகைகளின் நுனிகளை நீருக்கு மேலே உயர்த்தி வைத்தபோதுதான் எழுந்தார்.

படகோட்டிக்கும் இதில் பங்கு உண்டு. கயிற்றின் தொய்வு முழுவதும் நீங்கும்வரை மெல்ல நகர்ந்து, அதன்பின் சீராக வேகத்தைக் கூட்டும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சட்டென்று முழு வேகத்தைக் கொடுக்கும் படகோட்டியிடம், அனுபவம் உள்ளவர்களே கைப்பிடியைப் பறிகொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும்? வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலக்காலைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்று நண்பர் சொல்கிறார்.

கைப்பழக்கத்தை வைத்து இதை முடிவு செய்ய இயலாது. இரண்டு பலகைகளில் சறுக்கும்போது ஒரு காலைச் சிறிது தூக்கிப் பாருங்கள். பிறகு மறுகாலைத் தூக்கிப் பாருங்கள். எந்தக் காலின்மேல் நிற்கும்போது உடல் தடுமாறாமல் இருக்கிறதோ அந்தக் கால் முன்னால் வரட்டும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒருமுறை தேர்ந்ததை மாற்றாமல் பழகுங்கள்.

கேள்வி: படகுக்குப் பின்னால் நேராகச் செல்ல முடிகிறது. பின்னலையை, அதாவது படகு தன் பின்னே இருபுறமும் எழுப்பிச் செல்லும் இரண்டு அலைமேடுகளை, குறுக்கே கடக்கும்போது மட்டும் இடுப்பு மடங்கி, முதல் அலையில் தூக்கியெறியப்படுகிறேன், அல்லது இரண்டாவது அலையில் விழுகிறேன். மறுநாள் கீழ்முதுகு கடுமையாக வலிக்கிறது. "முழங்காலை மடக்கு" என்று படகில் இருப்பவர்கள் கத்துகிறார்கள், மடக்கியும் பயனில்லை.

வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னலையைக் குறுக்கே கடக்கும்போது உங்கள் உடல்மேல் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. கயிறு உங்கள் கைகளைப் படகுநோக்கி இழுக்கிறது. நீர் உங்கள் பலகையை எதிர்த்திசையில் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் உடல். கைப்பிடி மார்பின் உயரத்தில் இருந்தால், கயிற்றின் இழுவை உடலின் மேற்பகுதியைப் பற்றி இழுக்க, கால்கள் கீழே தடைபட்டிருக்க, நடுவில் உள்ள இடுப்பு ஒரு கீலைப்போல மடங்குகிறது. அதே இழுவை இடுப்புக்கு அருகில் விழும்படி கைப்பிடியைத் தாழ்த்தி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து வைத்தால், மடங்குவதற்குக் காரணமே குறைந்துவிடுகிறது. முதுகுத் தசைகள் செய்துகொண்டிருந்த வேலையை எலும்புக்கூடே ஏற்றுக்கொள்ளும். மறுநாள் கீழ்முதுகில் வரும் வலி, இடுப்பு மடங்கிய நிலையிலேயே நீங்கள் படகோடு மல்லுக்கட்டினீர்கள் என்பதற்கான அடையாளம்.

"முழங்காலை மடக்கு" என்ற அறிவுரையை நான் விரும்புவதில்லை. அதைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் நாற்காலியில் அமர்வதைப்போல அமர்ந்துவிடுகிறார்கள்; இடுப்பு பின்னால் போகிறது, எடை பின்காலுக்கு மாறுகிறது, பலகையின் நுனி மேலே எழுகிறது. நீங்கள் மடக்க வேண்டியது கணுக்காலை. முன்காலின் கணுக்காலை மடக்கி, முழங்காலைப் பாதத்தின் நுனிக்கு மேலாக முன்னோக்கித் தள்ளினால், முழங்கால் தானாகவே வேண்டிய அளவு மடங்கும், இடுப்பும் முன்காலுக்கு மேலாக வந்து நிற்கும். தோள்கள் இடுப்புக்கு நேர்மேலேயோ சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். கண்கள் எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். அலையைக் குனிந்து பார்த்தால் தலை தாழும், தலையைத் தோள்களும் தோள்களை இடுப்பும் பின்தொடரும்.

இந்த நிலையைத் தண்ணீரில் கற்பதைவிடக் கரையில் கற்பது எளிது. ஒரு கைப்பிடிக் கயிற்றை உறுதியான தூணில் இடுப்பு உயரத்தில் கட்டி, நீங்கள் சறுக்கும் முறையிலேயே கால்களை வைத்து, தூணுக்குப் பக்கவாட்டில் எதிர்ப்புறமாகச் சாயுங்கள். கைகளை மடக்கி ஒருமுறையும், நீட்டி ஒருமுறையும், கைப்பிடியை மார்பருகே வைத்து ஒருமுறையும், இடுப்பருகே வைத்து ஒருமுறையும் சாய்ந்து பார்த்தால், எந்த நிலையில் உடல் சிரமமின்றி எடையைத் தாங்குகிறது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்தான், நானும் பல நாட்கள் அப்படிச் சிரிப்புக்கு ஆளானவன்.

அடுத்தது, சாய்வை எப்போது தொடங்குவது, எப்போது விடுவது என்பது. அலைக்கு வெளியே, படகிலிருந்து விலகிய இடத்தில், மிதமாகச் சாயத் தொடங்கி, அலையை நெருங்க நெருங்கச் சாய்வைக் கூட்டுங்கள். பழகுபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள்: தொடக்கத்திலேயே முழுவிசையுடன் இழுத்துவிட்டு, அலையைக் கண்ட அச்சத்தில் பலகையைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். தட்டையான பலகை அலைமேட்டில் ஏறும்போது உந்துபலகைபோல உங்களை மேலே எறியும். விளிம்பில் சாய்ந்திருக்கும் பலகையோ அலையை வெட்டிக்கொண்டு போகும். நன்கு தேர்ந்தவர்கள் படகுக்கு நேர்ப்பின்னே வரும்போதே அழுத்தத்தைத் தளர்த்தத் தொடங்குவதைக் கண்டு, அதைப் பின்பற்ற அவசரப்பட வேண்டாம். உங்கள் நிலையில், இரண்டு அலைகளையும் ஒரே சாய்வோடு கடந்த பின்பு தளர்த்துவதே பாதுகாப்பானது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அச்சத்தால் படகின் வேகத்தை மிகவும் குறைக்கச் சொல்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். குறைந்த வேகத்தில் படகின் பின்பகுதி நீரில் ஆழ்ந்து செல்வதால் பின்னலை உயரமாகிறது. உங்கள் பலகையும் நீரில் புதைந்து கனக்கிறது. வேகம் ஓரளவு கூடும்போது அலை தாழ்ந்து மென்மையாகும். உடல் எடைக்கும் பலகையின் அகலத்துக்கும் ஏற்ப இது மாறும் என்றாலும், பெரியவர்களில் பலருக்கு மணிக்கு 40 முதல் 45 கி.மீ. வரையிலான வேகம் பழகுவதற்குப் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: திரும்பும்போது கயிறு தொய்ந்துவிடுகிறது, பிறகு ஒரே வெட்டாக இழுத்து என்னைக் கவிழ்த்துவிடுகிறது. இன்னும் வேகமாகத் திரும்பினால் சரியாகுமா?

வேகமாகத் திரும்புவதால்தான் தொய்வு வருகிறது. கயிற்றின் மறுமுனையில் நீங்கள் ஒரு ஊசற்குண்டைப்போல் இயங்குகிறீர்கள். வெளியே வரும் வேகம் மெல்லக் குறைந்து, கயிறு இறுக்கமாக இருக்கும்போதே பலகை தன் வட்டத்தை வரைந்து முடிக்க வேண்டும். அதற்கு முன்பே தோள்களைத் திருப்பிப் பலகையைப் படகுநோக்கி வளைத்தால், நீங்கள் படகைவிட விரைவாக அதை நெருங்குகிறீர்கள், கயிறு தொய்கிறது. திரும்பும் நேரத்தில் கைப்பிடியை உடலை நோக்கி இழுப்பதும் இதே விளைவைத் தரும்.

ஆகவே, இரண்டாவது அலையைக் கடந்ததும், கைப்பிடியை உடனே படகிடம் கொடுத்துவிடாமல் இடுப்பருகே சிறிது நேரம் வைத்திருங்கள். உடல் வெளிப்புறமாகப் போகும் வேகம் அப்போதுதான் தொடரும். பின்பு பலகை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சாய்ந்து வளையத் தொடங்கும்போது, கைப்பிடியைப் படகின் திசையில் மெல்ல நீட்டிக்கொடுங்கள். இடுப்பு முன்காலுக்கு மேலேயே இருக்கட்டும். ஒற்றைக்கையால் நீட்டித் திரும்புவது அழகாகத் தோன்றும் என்றாலும், நிலை உறுதிப்படும்வரை இரு கைகளாலும் பிடித்தபடி திரும்பிப் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒற்றைக்கைக்கு மாறிய பின்பும் ஒன்றை நினைவில் வையுங்கள்: விடுபட்ட கை கைப்பிடியைத் தேடிச் செல்ல வேண்டும், கைப்பிடியைக் கையிடம் இழுத்து வரக்கூடாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தொய்வு சில நேரங்களில் வரத்தான் செய்யும். அப்போது கைப்பிடியைத் தாழ்வாகவும் உடலுக்கு அருகிலும் வைத்து, கணுக்கால்களை மடக்கி, பலகையைப் படகிலிருந்து சற்று விலக்கி ஓட்டினால் கயிறு படிப்படியாக இறுகும். தலைக்குமேல் கைகளை உயர்த்தித் தொய்வை வாங்க முயல்பவர்களுக்கு, அடுத்து வரும் வெட்டு தோளில்தான் விழும்.

கேள்வி: மிதவைகள் உள்ள தடத்தில் எப்போது இறங்கலாம்? தடத்தின் அளவுகளையும் விளக்க வேண்டுகிறேன்.

நுழைவாயில் மிதவைகளிலிருந்து வெளிவாயில் மிதவைகள்வரை தடத்தின் நீளம் 259 மீட்டர். நடுவில் படகு செல்லும் பாதையை இணை மிதவைகள் காட்டும். சறுக்குபவர் சுற்றிவர வேண்டிய ஆறு மிதவைகளும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி நிற்கும். முதலாவது வலப்புறத்தில் இருக்கும். வாயிலிலிருந்து முதல் மிதவைக்கு நீளவாக்கில் 27 மீட்டர். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் இடையில் 41 மீட்டர். கடைசி மிதவையிலிருந்து வெளிவாயிலுக்கு மீண்டும் 27 மீட்டர்.

இந்த எண்களைச் சற்றுச் சிந்தித்தால் பயிற்சிக்கு உதவும் உண்மைகள் சில கிடைக்கும். படகு 41 மீட்டர் செல்லும் நேரத்தில், நீங்கள் 23 மீட்டர் குறுக்கேயும் சென்றாக வேண்டும். நேர்கோட்டில் சென்றாலே அது 47 மீட்டர். மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் இதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 3.4 நொடி. அதற்குள் சாய்ந்து, இரண்டு அலைகளைக் கடந்து, விளிம்பு மாற்றி, திரும்பி முடிக்க வேண்டும். திறந்த நீரில், மிதவைகளே இல்லாத இடத்தில், சீரான தாளத்தோடு பத்துப் பன்னிரண்டு முறை அலையைக் கடக்க இயலாதவர் தடத்தில் இறங்கினால், மிதவையைத் துரத்துவதில்தான் அவருடைய கவனமெல்லாம் போகும். கற்ற நிலை முதல் மிதவையிலேயே கலைந்துவிடும். எனவே தாளம் முதலில், தடம் பிறகு.

தடத்தில் இறங்கிய முதல் நாட்களில் ஆறு மிதவைகளையும் சுற்ற வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். படகின் இடப்புறமாக வெளியே வந்து, சற்றே காத்திருந்து, நுழைவாயில் வழியாகச் சரியான நேரத்தில் கடந்து, முதல் மிதவைக்கு முன்பே அகலத்தை அடைவதை மட்டும் சில நாட்கள் பழகுங்கள். முதல் மிதவையைத் தாமதமாகச் சுற்றியவர் இரண்டாவதில் இன்னும் தாமதமாவார், மூன்றாவதில் அதைவிடத் தாமதமாவார்; அந்தத் தாமதம் தொடங்கும் இடம் பெரும்பாலும் நுழைவாயில்தான். அதைச் சரிசெய்த பின்பு, மிதவைகளின் உட்புறமாகவே, ஆனால் உரிய தாளத்தில், தடம் முழுவதும் சென்று பாருங்கள். அகலத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

கயிற்றைப் பொறுத்தவரை, முழு நீளக் கயிறு 23 மீட்டர். போட்டிகளில் வழக்கமாகத் தொடங்குவது 18.25 மீட்டரில். 11.5 மீட்டர் அகலத்தை எட்ட, 23 மீட்டர் கயிறு நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகினால் போதும், 18.25 மீட்டர் கயிறு ஏறத்தாழ 39 பாகை விலக வேண்டும். போட்டியாளர்கள் ஆறு மிதவைகளையும் முடித்த ஒவ்வொரு முறையும் வேகம் 3 கி.மீ. கூட்டப்படும், ஆண்களுக்கு மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55 கி.மீ. என்ற உச்சத்தை எட்டிய பின்பு, கயிறு 16, 14.25, 13, 12, 11.25 மீட்டர் என்று குறைக்கப்படும். கடைசியாகச் சொன்ன நீளம், மிதவை நிற்கும் தொலைவைவிடவே குறைவு. கைநீட்டமும் உடலின் சாய்வுமே அந்த இடைவெளியை நிரப்புகின்றன. அவற்றையெல்லாம் பார்த்து வியக்கலாம். உங்கள் கயிற்றைக் குறைக்கும் அவசரம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: போட்டியாளர்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த பலகையை வாங்கினால் முன்னேற்றம் விரைவாகுமா? அடியில் உள்ள 'ஃபின்' தகட்டைச் சரிசெய்ய வேண்டுமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே என் பதில். போட்டிப் பலகைகள் உயர்வேகத்துக்கும் கூர்மையான திருப்பத்துக்கும் ஏற்பக் குறுகலாகச் செய்யப்பட்டவை. உங்கள் வேகத்தில் அவை நீரில் புதையும். சற்று அகலமான, உங்கள் எடைக்கும் சறுக்கும் வேகத்துக்கும் உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் நீளமுள்ள பலகை, எழுவதையும் எளிதாக்கும், பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும். ஃபின்னைப் பொறுத்தவரை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் உணர்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறுவேறு நிலையில் நிற்பவருக்கு அந்த மாற்றம் எதையும் சொல்லாது. தயாரிப்பாளர் வைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: விழுவதற்கு அஞ்சியே சாயத் தயங்குகிறேன். இந்த அச்சத்தை எப்படிக் கையாள்வது?

அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. அதைப் பழித்துப் பேசுபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். காயங்களில் கணிசமானவை, விழும்போது கைப்பிடியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால் நேர்கின்றன. நிலை தவறிவிட்டது என்று உணர்ந்த கணமே கைப்பிடியை விட்டுவிடுவதை ஒரு தனிப் பயிற்சியாகவே மெதுவான வேகத்தில் செய்து பாருங்கள். கயிற்றைக் கையிலோ விரலிலோ எந்தச் சூழ்நிலையிலும் சுற்றிக்கொள்ளக் கூடாது. உயிர்காப்பு மேலங்கியோடு, நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன அரைக்காற்சட்டையும் அணிவது நல்லது. வேகத்தில் பின்பக்கமாக விழும்போது நீர் உடலுக்குள் விசையோடு பாய்ந்து ஏற்படுத்தும் உட்காயங்களை அது தடுக்கும். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டுப் பலர் புதியவர்களிடம் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

படகில் படகோட்டியைத் தவிர, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்க வேண்டும். கட்டைவிரலை மேலே காட்டினால் வேகத்தைக் கூட்டுவது, கீழே காட்டினால் குறைப்பது, தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்புவது ஆகிய சைகைகளைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். விழுந்த பின்பு நலமாக இருந்தால் உடனே கையை உயர்த்திக் காட்டுங்கள். படகு உங்களை ஏற்றிக்கொள்ள வரும்போது இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஒரு பக்கம் நன்றாகத் திரும்புகிறேன், மறுபக்கம் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழகலாம்?

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்பதால், இடுப்பு இயல்பாகவே ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கும். எனவே இரு திருப்பங்களும் ஒன்றுபோல் இருக்கமாட்டா. நெடுநாள் ஆடியவர்களுக்கும் இந்த வேறுபாடு முற்றிலும் மறைவதில்லை. கடினமான பக்கத்தில் உடலை வலிந்து முறுக்காமல், அந்தப் பக்கத்துக்கு வரும்போது வேகத்தைச் சற்று முன்பே தளர்த்தி, திரும்புவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பல நேரங்களில் குறை அந்தத் திருப்பத்தில் இருக்காது. அதற்கு முந்தைய அலைக் கடப்பில் இடுப்பு பின்தங்கியதன் விளைவே அங்கே வெளிப்படும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பதினைந்து நிமிடத்துக்குமேல் ஒரே மூச்சில் சறுக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. முன்கைகள் களைத்ததும் முழங்கைகள் விலாவைவிட்டு விலகும், கைப்பிடி மார்புக்கு ஏறும், இடுப்பு மடங்கும். அதன்பின் நீங்கள் பழகுவது பிழையைத்தான். பார்வையாளராக இருப்பவரிடம் கைபேசியைக் கொடுத்து இரண்டு மூன்று ஓட்டங்களைப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும், இரண்டு அலைகளுக்கும் நடுவில் நீங்கள் இருக்கும் நொடியில் படத்தை நிறுத்தி, கைப்பிடிக்கும் இடுப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். முதல் ஓட்டத்தில் ஒரு சாணாக இருந்தது கடைசி ஓட்டத்தில் ஒரு முழமாகியிருந்தால், அதற்கு முந்தைய ஓட்டத்தோடு அன்றைய பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.